நரி வேட்டையை எதிர்த்த நல்லாசிரியர்

கொல்லிமலை என்றதும் நம் தமிழாசிரியர்களுக்கு வல்வில் ஓரிதான் நினைவுக்கு வருவான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய அவ்வீரனுக்கு ஆண்டுதோறும் ஆடி மாதம் செம்மேட்டில் அரசே விழா எடுக்கிறது. அம்மலையின் தேவனூர் நாட்டில் பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். விடுதிக்கு வந்த புதிதில் நண்பர்கள், உங்கள் ஊரில் எல்லாரும் வேட்டைக்காரர்கள்தாமே என்று கேட்பார்கள். நான் சிரித்து மழுப்புவேன். காரணம் உண்டு. சாமைப் பயிரை மேய வந்த முயலுக்கு என் பாட்டனார் ஒருமுறை கண்ணி வைத்துப் பிடிபட்டார். அந்த ஆண்டு மிளகு விற்ற பணம் அபராதத்திற்கே சரியாகப் போயிற்று. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றந்தான், மறுக்கவில்லை. ஆயினும் ஓரிக்கு விழா, பாட்டனாருக்கு அபராதம் என்ற கணக்கு எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

நிற்க. நூலகத்தில் காந்தியடிகளின் சத்திய சோதனையைப் படித்தேன். இலண்டனில் மரக்கறி உணவகம் தேடி அலைந்த இளைஞர் காந்தி, அங்கே ஒரு ஷில்லிங் கொடுத்து ஒரு சிறு நூலை வாங்கினார். அதை எழுதியவர் ஹென்றி சால்ட். அந்தப் பெயரைத் தொடர்ந்து சென்றபோதுதான் இக்கட்டுரைக்குரிய வாழ்க்கை கிடைத்தது.

சால்ட் பிறந்தது நம் நாட்டில், இமயமலைச் சாரலின் நைனிடாலில், 1851 ஆம் ஆண்டு. தந்தை வங்காளப் பீரங்கிப் படை அதிகாரி. குழந்தையாகவே இங்கிலாந்து சென்று, பிரபுக்களின் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்துத் தேறி, ஈட்டனிலேயே ஆசிரியரானார். அதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? ஆனால் வேலைக்காரர்கள் உழைக்க, தாம் உண்டு களிக்கும் வாழ்வு அவருக்குக் கசந்தது. புலால் உண்பதை விட்டார். 1884 இல் பதவியையும் விட்டார். சர்ரே மாவட்டத்தில் டில்ஃபோர்டு என்ற சிற்றூரில், மனைவி கேட்டுடன் வேலையாள் இன்றி ஒரு குடிசை வீட்டில் குடியேறினார். காய்கறி பயிரிட்டார். ஆசிரியர் அங்கியைக் கிழித்துக் கொடிகளைக் கட்டப் பயன்படுத்தினார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டமளிப்பு அங்கி அணியும் நாளை எண்ணி எங்கள் வீடே காத்திருக்கிறது! பெர்னார்டு ஷா அந்த வீட்டுக்கு வந்து கேட் அம்மையாருடன் பியானோ வாசிப்பாராம்.

1891 இல் நண்பர்களுடன் மனிதநேயக் கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு விலங்குகளின் உரிமை பற்றிய நூலை வெளியிட்டார். விலங்கைத் துன்புறுத்தும் மனமும் ஏழையையும் கைதியையும் துன்புறுத்தும் மனமும் ஒன்றே என்பது அவர் கொள்கை. ஆகவே சிறையின் கசையடியையும் சீமான்களின் வேட்டையையும் ஒரே மூச்சில் எதிர்த்தார்.

அந்நாட்டு நரி வேட்டையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முதல்நாள் இரவே ஆள் வைத்து நரி வளைகளை அடைத்துவிடுவார்கள். காலையில் சிவப்புச் சட்டை அணிந்த கனவான்கள் குதிரையேறி, நாய்க்கூட்டத்துடன் துரத்துவார்கள். ஒளிய இடமின்றி ஓடிக் களைத்த நரியை நாய்கள் கிழித்தெறியும். புதிதாக வந்த சிறுவர் முகத்தில் அதன் இரத்தத்தைப் பூசுவதும் உண்டு. குத்தகை உழவனின் விளைநிலத்தில் குதிரைகள் பாய்ந்தாலும், நிலக்கிழாரைப் பகைக்க முடியாமல் அவன் வாய் பொத்தி நிற்க வேண்டியதுதான். கோழி திருடிய நரியை அவனே சுட்டுவிட்டாலோ, அது பெரும் பழி! நரி சாகலாம், ஆனால் துரைமார் கையில்தான் சாக வேண்டும். உதகமண்டலத்திற்கு வந்த வெள்ளையரும் அங்கிருந்து நாய்களைத் தருவித்து, செந்நரி இல்லாத குறைக்கு நம் நாட்டு நரியை வென்லாக் புல்வெளியில் துரத்தினர். 1879 இலேயே நீலகிரிக்கென வேட்டை விலங்குகளைக் காக்கும் சட்டம் வந்தது. எவருக்காகக் காத்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

கழகம் முதலில் கை வைத்தது அரண்மனையிலேயே. வளர்ப்பு மானைக் கொம்பறுத்து, வண்டியில் ஏற்றிச் சென்று அவிழ்த்துவிட்டு, அரச வேட்டை நாய்களைக் கொண்டு துரத்தி, உயிரோடு பிடித்து, மீண்டும் ஒருநாள் துரத்துவது அங்கு வழக்கம். பத்தாண்டுப் போராட்டத்திற்குப் பின் 1901 இல் அவ்வேட்டை ஒழிந்தது.

ஈட்டனை மட்டும் அசைக்க முடியவில்லை. அங்கே மாணவர்கள் நாய்களை வைத்து முயல் வேட்டையாடுவது பள்ளி விளையாட்டு. ஆம், அதே முயல்தான்! 1907 இல் சால்ட் ஒரு குறும்பு செய்தார். முயல் வேட்டைச் சிறுவர்களை வானளாவப் புகழ்வது போல் ஒரு கேலி இதழ் நடத்தினார். வேட்டைப் பத்திரிகைகள் அதை மெய்யென்று நம்பிப் பாராட்டின. இரண்டே இதழ்கள் வந்தன. எனக்கு அவரது பெரிய நூல்களைவிட இச்செயலே மிகவும் பிடித்திருக்கிறது.

முதல் உலகப்போரில் கழகம் நலிந்து 1919 இல் கலைந்தது. அதே ஆண்டு கேட் அம்மையாரும் மறைந்தார். 1931 நவம்பரில், வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியடிகள் இலண்டன் மரக்கறியாளர் கூட்டத்தில் பேசியபோது, எண்பது வயதுச் சால்ட் அருகில் வீற்றிருந்தார். தம் கண்ணைத் திறந்த நூலாசிரியரை அடிகள் நன்றியோடு குறிப்பிட்டார். 1939 ஏப்ரலில் பிரைட்டன் நகரில் சால்ட் காலமானார். நாய்களைக் கொண்டு நரியையும் முயலையும் வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்சிலும் தடுக்கும் சட்டம் 2004 இல்தான் நிறைவேறியது.

சால்ட் புலாலையே விலக்கியவர். என் பாட்டனாரை அவர் மெச்சியிருக்க மாட்டார். ஆனால் ஈட்டன் சிறுவனையும் பாட்டனாரையும் ஒரே தட்டில் வைத்திருக்கவும் மாட்டார் என்றே எண்ணுகிறேன்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, களத்து மேட்டில் உட்கார்ந்து பாட்டனாரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்தத் துரைமார் நரியைத் தின்பார்களா என்று விசாரித்தார். இல்லை, வாலை மட்டும் அறுத்து வீட்டில் மாட்டுவார்கள் என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சாமை தூற்ற எழுந்து போய்விட்டார்.