ஊர் பெயர்ந்தவர் எழுதிய சமையல் புத்தகம்

எங்கள் வீடுகளில் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ ஒரு சமையற்குறிப்புக் கேட்டால், கிராம் கணக்கில் பதில் வராது. உப்பை அளவாகப் போடச் சொல்வார்கள். மா பதமாக வரும்வரை தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். அளவு எது, பதம் எது என்பது அவர்களுடைய கைக்குத்தான் தெரியும். ஊரில் இருந்தவரை இதை நாங்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை. குசினிக்குள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழக நேரமும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். இப்போது மகள் ரொறன்ரோவிலும் தாய் யாழ்ப்பாணத்திலும், பேத்தி லண்டனிலும் அம்மம்மா பாரிசிலுமாகப் பிரிந்திருக்கிறோம். கைக்கணக்கைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு சிரமம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கவலை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. சொந்த ஊரில் இருக்க முடியாமற்போன ஒருவர், எழுபது வயதில், தன் வீட்டுக் குசினியில் சமைத்துப் பார்த்த உணவுகளை அளவோடு எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டார். இன்றும் இத்தாலிய வீடுகளில் அந்தப் புத்தகம் இருக்கிறது. அவர் பெயர் பெல்லெக்ரீனோ ஆர்த்தூசி. அவருடைய கதையை எங்கள் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்த்தூசி 1820 ஆகஸ்ட் 4 அன்று, இத்தாலியின் ரோமாஞ்ஞா பகுதியிலுள்ள ஃபோர்லிம்போபொலி என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது இத்தாலி என்றொரு நாடு இல்லை. சிறிய அரசுகள் பலவாகப் பிரிந்து கிடந்த அந்த நிலத்தில், அவருடைய ஊர் பாப்பரசரின் ஆட்சிக்குள் இருந்தது. தகப்பன் ஊரில் கடை வைத்திருந்த வசதியான வணிகர். பல சகோதரிகளோடு வளர்ந்த ஆர்த்தூசி, பக்கத்து ஊரான பெர்த்தினோரோவில் குருமடப் பள்ளியில் படித்தார். பின்னர் தகப்பனின் வியாபாரத்தில் சேர்ந்தார். அந்த ஓட்டத்தில் போயிருந்தால், ஊரில் கடை முதலாளியாகவே அவருடைய காலம் முடிந்திருக்கும்.

1851 ஜனவரி 25 அன்று இரவு எல்லாம் மாறியது. அந்தப் பகுதியை அச்சுறுத்திவந்த கொள்ளைக்காரன் ஸ்தெஃபனோ பெல்லோனி தன் கூட்டத்தோடு ஊருக்குள் புகுந்தான். படகோட்டி என்று பொருள்படும் பட்டப்பெயரால் அவனை எல்லோரும் அறிந்திருந்தார்கள். அன்றிரவு ஊரின் வசதியான குடும்பங்கள் நாடகம் பார்க்க அரங்கில் கூடியிருந்தன. கொள்ளைக்காரர் அரங்கைப் பிடித்து, வந்திருந்தவர்களைப் பணயம் வைத்து, வீடு வீடாகக் கொள்ளையடித்தார்கள். ஆர்த்தூசியின் வீட்டுக்குள்ளும் புகுந்தார்கள். பணமும் நகையும் போனது ஒரு பக்கம். அவருடைய சகோதரி ஜெர்த்ரூதே அன்றிரவு அந்தக் கூட்டத்தின் வன்முறைக்கு ஆளானார். அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் மீளவேயில்லை. மனம் பேதலித்து, கடைசியில் ஒரு மனநல விடுதியில் வாழ்ந்து முடிந்தார்.

இரண்டு மாதத்துக்குள் பெல்லோனி சுட்டுக் கொல்லப்பட்டான். ஆனால் ஆர்த்தூசி குடும்பத்துக்கு அந்த வீட்டில் இனி இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் விட்டு, மலைத்தொடரைக் கடந்து, வேறொரு அரசின் கீழிருந்த புளோரன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆபத்து போய்விட்டது, இனித் திரும்பலாமே என்று வெளியிலிருப்பவர்கள் சொல்வது எளிது. ஒரு வீட்டில் நடந்ததை அந்த வீட்டின் சுவர்கள் மறப்பதில்லை என்பது எங்களில் பலருக்குத் தெரியும்.

புளோரன்சில் ஆர்த்தூசி உழைத்து முன்னுக்கு வந்தார். பட்டு வியாபாரம் செய்தார். பிறகு பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்றை நடத்தினார். சகோதரிகளுக்குத் திருமணம் செய்து வைத்தார். தான் மணம் செய்யவில்லை. இதற்கிடையில் 1861இல் இத்தாலி ஒரு நாடானது. ஐம்பது வயதளவில் வியாபாரத்திலிருந்து விலகி, அசேலியோ சதுக்கத்திலுள்ள வீட்டில் புத்தகங்களோடும் இரண்டு பூனைகளோடும் வாழ்ந்தார். அந்த வீட்டில் அவரோடு இருவர் இருந்தார்கள். ஒருவர் ஃபிரான்செஸ்கோ ருஃபில்லி, அவருடைய சொந்த ஊர்க்காரர். மற்றவர் மரியேத்தா சபதீனி, டஸ்கனிக் கிராமத்துப் பெண். சமையல் அவர்கள் கையில் இருந்தது. ருசி பார்ப்பது, திருத்துவது, திரும்பச் செய்யச் சொல்வது, எழுதுவது எல்லாம் ஆர்த்தூசியின் வேலை.

முதலில் அவர் இலக்கியம்தான் எழுதினார். கவிஞர் ஊகோ ஃபொஸ்கொலோவின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பின்னர் ஒரு சமையற் புத்தகத்தைக் கையிலெடுத்தார். சமையலறையில் விஞ்ஞானமும் நன்றாக உண்ணும் கலையும் என்பது அதன் பெயரின் பொருள். கையெழுத்துப் பிரதியை வாசித்த ஒரு பேராசிரிய நண்பர், இது விலைபோகாது என்று சொல்லிவிட்டார். பதிப்பாளர்களும் முன்வரவில்லை. எனவே 1891இல் தன் காசில் 1000 பிரதிகள் அச்சிட்டார். அதில் 475 குறிப்புகள் இருந்தன. முதற் பதிப்பைத் தன் இரண்டு பூனைகளுக்குச் சமர்ப்பித்தார்.

சொந்த ஊரும் அவரைக் கைவிட்டது. ஃபோர்லிம்போபொலியில் நடந்த தரும விழாவொன்றுக்கு இரண்டு பிரதிகளைப் பரிசுப்பொருளாக அனுப்பினார். அவற்றைப் பரிசாகப் பெற்றவர்கள் சிரித்துவிட்டு, புகையிலைக் கடைக்காரருக்கு விற்றுவிட்டார்கள். இந்தக் கதையை ஆர்த்தூசியே பின்னைய பதிப்பின் முன்னுரையில், தன் புத்தகத்தைச் சின்ரெல்லாவுக்கு ஒப்பிட்டு, மனக்கசப்பை மறைக்காமலும் நகைச்சுவை குன்றாமலும் சொல்லியிருக்கிறார். முதல் ஆயிரம் பிரதிகள் விற்று முடிய நான்கு ஆண்டுகள் ஆயின.

அதன் பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. வீட்டிலிருந்தே தபாலில் அனுப்பிய புத்தகம், வாய்வழியாகப் பேர் பெற்றது. பெண்கள் கடிதம் எழுதினார்கள். சந்தேகம் கேட்டார்கள், பிழை சொன்னார்கள், தங்கள் ஊர்ச் சமையலை எழுதி அனுப்பினார்கள். ஆர்த்தூசி பதில் எழுதினார். நல்லதென்று பட்டதைத் தன் குசினியில் செய்து பார்த்து அடுத்த பதிப்பில் சேர்த்தார். இப்படியே 475 குறிப்புகள் 790 ஆக வளர்ந்தன.

புத்தகத்தின் பலம் இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது அளவு. மரியேத்தா சொல்லிக் கொடுத்த பனத்தோனே கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 300 கிராம் மா, 100 கிராம் பட்டர், 80 கிராம் சீனி, 80 கிராம் முந்திரிகை வற்றல், ஒரு முழு முட்டை, இரண்டு மஞ்சட்கரு என்று வரிசையாக எழுதியிருப்பார். மிலானோ நகரத்துப் பனத்தோனேயைப் போல் மாவை மணிக்கணக்கில் புளிக்க விடத் தேவையில்லை. அப்பச்சோடா போட்டு வீட்டிலேயே சுடலாம். அந்தக் குறிப்புக்கு மரியேத்தாவின் பெயரையே வைத்து, அது அவர் கற்றுத் தந்தது என்றும் எழுதினார். வீட்டு வேலைக்காரியின் பெயரை அச்சில் ஏற்றுவது அந்தக் காலத்தில் வழமையல்ல.

பிழைகளையும் அவர் மறைக்கவில்லை. உருளைக்கிழங்கில் செய்யும் ஞொக்கி உருண்டைகளைப் பற்றி எழுதும்போது ஒரு பெண்மணியின் கதையைச் சொல்கிறார். அவர் மாவைக் குறைத்துப் பிசைந்துவிட்டார். கொதிநீரில் போட்டுக் கரண்டியால் கிண்டினால் உருண்டைகளைக் காணவில்லை, எல்லாம் கரைந்துவிட்டன. வாசிப்பவருக்குச் சிரிப்பும் வரும், மாவின் அளவும் மறக்காது.

இரண்டாவது பலம், யாருடைய உணவையும் அவர் தள்ளி வைக்கவில்லை. தன் பிறந்த ஊர்ப் பக்கத்தில் நத்தாருக்குச் செய்யும் கப்பெல்லெத்தியை, அதாவது தொப்பிபோல் மடித்து உள்ளீடு வைத்த சிறு மாப்பண்டத்தை, புத்தகத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். நூறு தின்றேன் என்று அன்று ஊரில் பெருமையடிப்பவர்களையும் நினைவுகூர்ந்தார். நாற்பது வருடம் வெளியே வாழ்ந்த மனிதரின் ஊர் நினைவு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதே புத்தகத்தில் ஆஸ்திரிய ஸ்ட்ரூடலும், ஜெர்மானியரின் கிராப்ஃபனும், பிரெஞ்சுச் சவாரினும், ஆங்கிலேயரின் பிளம் கேக்கும் இருக்கின்றன.

எங்களை மிகவும் நிறுத்தி வைத்த பக்கம் குஸ்குஸ் பற்றியது. அது அரபு மக்களின் உணவு. ஊர் ஊராக அலைந்த யூதர்கள் அதைத் தங்களோடு கொண்டு திரிந்தார்கள் என்று ஆர்த்தூசி விளக்குகிறார். தனக்குத் தெரிந்த இரண்டு யூதர்கள் அதைச் சுவைக்கத் தந்து, செய்முறையையும் காட்டினார்கள் என்றும், பிறகு தன் குசினியில் செய்து பார்த்துவிட்டே எழுதுவதாகவும் சொல்கிறார். ரவையில் உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கையால் உருட்டிக் குருணையாக்கி, ஆவியில் அவிக்க வேண்டும். வாசிக்கும்போது பிட்டுக்கு மாக் குழைக்கும் கைதான் எங்கள் கண்ணுக்கு வருகிறது. இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் பிட்டுக் குழைத்த கை, குஸ்குஸை ஒரு தடவை பார்த்தாலே பிடித்துக்கொள்ளும்.

கத்தரிக்காயைப் பற்றியும் இப்படியொரு குறிப்பு உண்டு. நாற்பது வருடத்துக்கு முன் புளோரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைக் காண்பதே அரிது. யூதர்களின் சாப்பாடு என்று மற்றவர்கள் அதை இழிவாகப் பார்த்தார்கள். நல்ல உணவை அடையாளம் காண்பதில் அவர்களே மற்றவர்களை முந்தினார்கள் என்று ஆர்த்தூசி எழுதினார். எங்கள் பிள்ளைகள் மதிய உணவுப் பெட்டியை வகுப்பில் திறக்கக் கூச்சப்பட்ட நாட்களை நாங்கள் மறக்கவில்லை. இன்று அதே நகரங்களில் வேற்று நாட்டவர்கள் எங்கள் கடைகளில் வரிசையில் நின்று கொத்துறொட்டி வாங்குகிறார்கள்.

ஆர்த்தூசியின் புத்தகம் முழு இத்தாலியையும் சொல்லிவிடவில்லை. ரோமாஞ்ஞாவும் டஸ்கனியும் நிறைய இடம் பிடித்தன. தெற்குப் பகுதிகள் குறைவு. அது வசதியுள்ள நடுத்தரக் குடும்பங்களின் மேசை. அதே காலத்தில் வடக்கின் ஏழை விவசாயிகள் சோளக் கஞ்சியை மட்டுமே உண்டு, சத்துக் குறைவால் பெலாகரா நோய் வந்து மடிந்தார்கள். இத்தாலியர் லட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்காக்களுக்குப் போனதும் அந்த ஆண்டுகளில்தான். ஆனாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத புதிய நாட்டில், ஒரு பகுதியின் உணவை இன்னொரு பகுதியின் குசினிக்குள் கொண்டுபோனது இந்தப் புத்தகம். மணப்பெண்களுக்குப் பரிசாகக் கொடுக்கும் வழக்கமும் வந்தது.

1911 மார்ச் 30 அன்று, தொண்ணூறு வயதில், ஆர்த்தூசி புளோரன்சில் காலமானார். நகரை மேலிருந்து பார்க்கும் சான் மினியாத்தோ குன்றின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய உயிலில் இரண்டு விடயங்கள் முக்கியமானவை. புத்தகத்தைப் புகையிலைக் கடையில் விற்ற ஊருக்கே தன் சொத்தை எழுதி வைத்தார். புத்தகத்தின் உரிமையை மரியேத்தாவுக்கும் ஃபிரான்செஸ்கோவுக்கும் கொடுத்தார். சமைத்த கைகளுக்கே அந்த வருமானம் போய்ச் சேர்ந்தது.

இன்று ஃபோர்லிம்போபொலியில் அவர் பெயரில் வீட்டுச் சமையலுக்கென ஒரு நிலையம் இருக்கிறது. மரியேத்தாவின் பெயரைத் தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொண்ட பெண்கள், மாவைக் கையால் பிசைந்து உருட்ட அங்கே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கோடையில் ஊரே கூடி உணவு விழா எடுக்கிறது. ஜெர்த்ரூதேக்கு நடந்ததை எந்தப் புத்தகமும் மாற்றவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் ஓடிப்போன தெருக்களில் இன்று அவர்களுடைய பெயர் மரியாதையோடு சொல்லப்படுகிறது.

எங்கள் குசினிகளிலும் இப்போது நேரம் குறைந்து வருகிறது. கைக்கணக்குத் தெரிந்த தலைமுறை எண்பதைத் தொட்டுவிட்டது. அம்மாவிடம் அளவு கேட்டுப் பயனில்லை. அளவு அவருடைய கையில் இருக்கிறது. அவர் பிட்டுக்கோ, பனங்காய்ப் பணியாரத்துக்கோ, நத்தார் கேக்குக்கோ மா எடுக்கும் முன் மாப் பேணியைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். முடிந்ததும் திரும்ப நிறுத்துப் பாருங்கள். குறைந்த கிராம்தான் அவருடைய கையளவு. சீனிக்கும் தண்ணீருக்கும் அப்படியே. பிறகு அவர் இல்லாத ஒரு நாளில் நீங்களே செய்து பாருங்கள். பிழைத்தால் பிழைத்ததையும் எழுதுங்கள். குறிப்பின் மேலே மறக்காமல் அவருடைய பெயரைப் போடுங்கள்.