நைட்டிங்கேல் அம்மையாரும் அவர்தம் தாதியரும்

கையில் விளக்கேந்தி நள்ளிரவில் போர்வீரரின் படுக்கைதோறும் சென்ற ப்ளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இலர். ஆயினும், தம்முடன் உழைத்த தாதியரின் பொருட்டு அவர் பட்ட பாடு அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. அதனையே ஈண்டுச் சிறிது கூறப் புகுந்தோம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி, இத்தாலியிலுள்ள ப்ளாரென்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி வேலை இழிதொழிலாக எண்ணப்பட்டது. ஆதலின் வீட்டார் பல்லாண்டுகள் தடுத்து நின்றனர். 1851இல் ஜெர்மனியிலுள்ள கைஸர்ஸ்வெர்த்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தின் தலைவியானார்.

மறு ஆண்டு இங்கிலாந்து கிரிமியா யுத்தத்தில் இறங்கியது. யுத்த மந்திரி ஸிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 பெண்டிருடன் புறப்பட்டு, 1854 நவம்பரில் துருக்கியின் ஸ்குடாரியை அடைந்தார். தாதியர் யாவரும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருந்தனர். லண்டன் ஆஸ்பத்திரிகளில் கிடைத்ததினும் மிகுந்த சம்பளமும், உணவும், உடையும் அவர்களுக்கு உறுதி செய்யப்பட்டிருந்தன. ஆனால் ஸ்குடாரியில் கிடைத்தவை எலிகள் திரியும் சில அறைகளே. குடிப்பதற்கும் கழுவுவதற்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பைண்ட் நீரே அளந்து கொடுக்கப்பட்டது. இத்தனை துன்பத்தினிடையே ஒரு தாதி முறையிட்டது தமக்குக் கொடுத்த தொப்பியைப் பற்றித்தான்! அது தம் முகத்திற்குப் பொருந்தவில்லையாம். நகைக்கத்தக்கதே, எனினும், நாள் முழுதும் மரணத்தினிடையே நிற்பவளுக்குச் சிறு குறையும் பெருங்குறையாகும்.

அவ்வாண்டு டிசம்பரில், முன்னறிவிப்பின்றி மேலும் 46 பெண்டிர் வந்திறங்கினர். அம்மையார் மகிழவில்லை, கடுங்கோபமுற்றார். உண்ணவும் உறங்கவும் இடமில்லாத ஊரில் ஆட்களைக் குவிப்பது உதவியாகாது என்பது அவர் கொள்கை. அவர் நாவின் கடுமையால் மனம் புண்பட்டோர் பலர் என்பதையும் மறைத்தற்கில்லை.

டைபஸ் காய்ச்சலும், காலராவும், சீதபேதியும் ஆஸ்பத்திரியைச் சூறையாடின. 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைச் சுத்தம் செய்தபின்னரே மரணம் குறைந்தது. தாதியரிலும் சிலர் உயிர்நீத்தனர். வேறு சிலர் நோயினாலும், குடியினாலும், திருமணத்தினாலும் விலகினர். அவ்வாண்டு மே மாதம் அம்மையாரே கொடிய காய்ச்சலுற்று உயிருக்கு மன்றாடினார். ஆயினும் யுத்தம் முடியும்வரை ஊர் திரும்பவில்லை.

மக்கள் நன்றியுடன் திரட்டி அளித்த 44,000 பவுனுக்கு மேற்பட்ட நிதியைக்கொண்டு, 1860இல் லண்டன் ஸெயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளி நிறுவினார். அங்கே பயின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிப் படுக்கையறை, உணவு, உடை, சலவை ஆகியவற்றுடன் ஆண்டுக்குப் பத்துப் பவுன் கைச்செலவும் அளிக்கப்பட்டது. பெண்டிர் பொது அறையில் கூடி இளைப்பாறவும், புத்தகம் படிக்கவும் வசதி செய்யப்பட்டது. இவையெல்லாம் வீண் ஆடம்பரம் என எண்ணினோரும் அந்நாளில் இருந்திருப்பர்.

இப்பள்ளியில் பயின்றவருள் ஆக்னெஸ் ஜோன்ஸ் என்னும் நங்கை ஒருவர். லிவர்பூல் நகரத்து ஏழையர் விடுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிணியாளரும் முதியோரும் கிடந்தனர். அவர்களைப் பார்த்துவந்தவர் அவ்விடுதியிலேயே அடைக்கலம் புகுந்த, பயிற்சியற்ற ஏழைப் பெண்டிரே. வில்லியம் ராத்போன் என்னும் வணிகர் பொருளுதவி புரிய, 1865இல் ஆக்னெஸ் பன்னிரு தாதியருடன் அங்குச் சென்றார். வேலை பெருகிற்று, ஆட்கள் பெருகவில்லை. ஓய்வின்றி உழைத்த அந்நங்கை, 1868 பிப்ரவரியில் டைபஸ் காய்ச்சல் கண்டு, 35ஆம் வயதில் இறந்தார்.

அம்மையார் பெரிதும் கலங்கினார். அவ்வாண்டே ஆக்னெஸைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதி, அவர் விட்ட பணியை ஏற்க முன்வருமாறு இளம்பெண்டிரை அழைத்தார். ஆனால் ஆக்னெஸின் இடத்திற்குத் தக்க ஒருவரைத் தேடிக் காண்பது எளிதாயிருக்கவில்லை. நோயுற்றுத் தாம் வீட்டை விட்டு வெளிச்செல்லாதிருந்த நெடிய ஆண்டுகளிலும், தம் பள்ளித் தாதியருக்குக் கடிதம் எழுதுவதை அம்மையார் விடவில்லை. பூவும் பண்டமும் அனுப்புவார். களைத்தவள் எனக் கேள்விப்பட்டால் அவள் சில நாள் ஓய்வெடுக்க வழிசெய்வார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி, 90ஆம் வயதில் காலமானார்.

அவர் பிறந்து இருநூறாண்டு நிறைந்த 2020ஆம் ஆண்டிலேயே கொரோனாக் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியது. லண்டனில் ஒரு பெரிய கண்காட்சி மண்டபத்தைச் சில நாட்களில் ஆஸ்பத்திரியாக மாற்றி, நாலாயிரம் படுக்கைகள்வரை இடத்திட்டம் வகுத்து, அதற்கு அம்மையாரின் பெயரையே சூட்டினர். ஏப்ரல் 3ஆம் தேதி திறக்கப்பட்ட அம்மண்டபத்தில், அவ்வசந்தகாலத்தில் சேர்க்கப்பட்ட நோயாளிகள் நூற்றுக்கும் குறைவு. பழைய ஆஸ்பத்திரிகள் தம் இடத்தைப் பெருக்கிக்கொண்டது ஒரு காரணம். மற்றொன்று, படுக்கைகளுக்கு அருகே நிற்கத் தாதியர் போதவில்லை.