சிவனொளிபாத மலையில் இபின் பதூதா

மொராக்கோவில் 1304-ல் பிறந்த இபின் பதூதா, 21 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர். 1344-ல் மாலத்தீவிலிருந்து நம்ம சோழமண்டலக் கரைக்கு வரும்போது காற்று கப்பலை இலங்கைக்குத் தள்ளிவிட்டது. புத்தளத்தில் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்கள் கொடுத்து, இன்னும் என்ன வேண்டுமென்று கேட்டார். இவர் கேட்டது ஆதம் நபியின் பாதச்சுவடு உள்ள மலைக்கு வழி மட்டும்தான்! மன்னர் பல்லக்கும், நாலு யோகிகளும், சுமைக்கு 15 ஆட்களும் தந்தார்.

உயரம் 2,243 மீட்டர், நண்பர்களே. திருநீர்மலைப் படிக்கே நமக்கு மூச்சு வாங்குது. செங்குத்துப் பாறையில் இரும்புச் சங்கிலியைப் பிடிச்சு உச்சிக்கு ஏறினார்.

பிறகு அரபிக்கடலில் கொள்ளைக்காரர்கள் அந்த முத்துக்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். மிஞ்சியது கால்சட்டை. ஊர் திரும்பி, 1355-ல் முடிந்த நூலுக்கு எல்லாம் வாயால் சொன்னார். சங்கிலிக் கணக்குகூட மறக்கவில்லை: பத்து.