பேச்சுத் தமிழை அரங்கேற்றிய பேராசிரியர்

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களைக் கல்வெட்டாய்வாளராக நினைவுகூர்வோர் உளர். 'காதலி ஆற்றுப்படை' பாடிய கவிஞராக நினைவுகூர்வோரும் உளர். ஆயினும், வீட்டு முற்றத்திலும் வயல் வரம்பிலும் வழங்கிய தமிழைப் பல்கலைக்கழக மேடைக்கும் அச்சுக்கும் உரியதாக்கியமையே அவரது பணிகளுள் துணிவு மிக்கது எனலாம்.

1903 ஆம் ஆண்டு வடமராட்சியின் புலோலியிற் பிறந்த அவர், கொழும்பிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, பின்னர் இலண்டன் சென்றார். 7 ஆம், 8 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கல்வெட்டுகளில் இலக்கணம் விதித்த வடிவங்களுக்கு அருகிலேயே அக்கால மக்களின் நாவில் வழங்கிய வடிவங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிழையென ஒதுக்காது மொழி வரலாற்றுச் சான்றாகக் கொள்ளப் பழகியவருக்குத் தம் ஊரவரின் பேச்சு கொச்சையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

நாடு திரும்பிக் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளரானார். தமிழ் மாணவர் நடிப்பதற்கென அவர் எழுதிய நாடகங்கள் நான்கு, 1940 இல் 'நானாடகம்' என்ற பெயரில் நூலாயின. 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை' என்பன அவை. மேடையில் ஏறியவுடன் அடுக்குமொழி பேசுவதே நாடகம் என்றிருந்த காலத்தில், அவருடைய பாத்திரங்கள் பருத்தித்துறைப் பகுதியில் மக்கள் கதைப்பது போலவே கதைத்தன. 'என்று' என்பது 'எண்டு' ஆயிற்று. 'வருகிறேன்' என்பது 'வாறன்' ஆயிற்று.

இதனை வெறும் ஒலிமாற்றமாகக் கொள்வது தவறு. யாழ்ப்பாணப் பேச்சில் ஒருவரை அழைப்பதற்கு 'வா', 'வாரும்', 'வாருங்கோ' என மூன்று படிகள் உண்டு. யார் யாரை எந்தப் படியில் அழைக்கிறார் என்பதிலேயே வயதும் உறவும் பதவியும், மறைத்துப் பயனில்லை, சாதியும் வெளிப்பட்டுவிடும். முதியவர் ஒருவரை இளையவன் 'வா' என்று அழைத்த கொடுமை நம் சமூகத்தில் இருந்தது. அனைவரையும் 'வாருங்கள்' எனப் பேசவைக்கும் செந்தமிழ் உரையாடல் அக்கொடுமையையும் சேர்த்தே மூடிவிடுகின்றது. உடையாரின் மிடுக்கைக் காட்ட நீண்ட வசனம் எதற்கு? வினைச்சொல்லின் ஈறு போதும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கேட்பவருக்கு அண்மையிலுள்ளதைச் சுட்டும் 'உவன்', 'உது' என்பன தொல்காப்பியம் கூறும் உகரச் சுட்டின் வழிவந்தவை. தமிழகத்துப் பேச்சில் மறைந்துபோன அச்சுட்டு யாழ்ப்பாணத்தில் அன்றாட வழக்கு. கொச்சை எனப்பட்ட பேச்சே பழைய இலக்கணத்தின் காப்பகமாகவும் இருந்தது! அப்பேச்சின் ஒலியமைப்பை ஆராய்ந்து பேராசிரியர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை 1958 இல் வெளிவந்தது.

1947 இல் விபுலாநந்த அடிகள் மறைந்தபின் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரிடம் வந்தது. 'இருநாடகம்' 1952 இலும், யாழ்ப்பாண மன்னனைப் பற்றிய 'சங்கிலி' 1956 இலும் வெளிவந்தன. வித்தியானந்தன், கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் அவர் காலத்து மாணவர்கள்.

அவரது நாடகங்களில் ஒலிப்பது ஒரு பிரதேசத்தின் பேச்சே. வாப்பா, உம்மா, ராத்தா என்றழைக்கும் முஸ்லிம் இல்லங்களின் தமிழும், மட்டக்களப்புத் தமிழும், மலையகத் தோட்டங்களின் தமிழும் படைப்பிலக்கியத்தில் வலுவாக இடம்பெறப் பிற எழுத்தாளர்கள் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பும் எளிதில் ஏற்கப்படவில்லை. 1960 களின் தொடக்கத்தில் மூண்ட மரபுப் போராட்டத்தில், பேச்சுமொழியிற் கதை எழுதியோரைப் பண்டித மரபினர் இழிசனர் வழக்கினர் எனச் சாடினர். சாடப்பட்டவர்களுட் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளிற் பிறந்தவர்கள் என்பது தற்செயலன்று. அச்சர்ச்சை நடந்த வேளையில், அதே பேச்சுமொழியை இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நூலாக்கியிருந்தவர் பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தார். 1968 இல் அவர் காலமானார்.