கண்ணாடிக் கலம் திரட்டிய நவாப்

தாண்டிக்குடி மலைக்குச் சென்றோர் ஆங்குள்ள பண்டைக்காலக் கல்லறைகளை அறிவர். இயேசு சபைப் பாதிரிமாரான ஆங்லாத், நியூட்டன் என்னும் இருவர் பழனிமலைக் கற்பதுக்கைகளை ஆராய்ந்து 1928-ஆம் ஆண்டில் நூல் ஒன்று வெளியிட்டனர். இறந்தோர் உண்டு பருகிய கலங்களையும் அவரோடு உடன்வைத்தல் அக்கால மாந்தர் வழக்கம். சென்ற விடுமுறையில் யாம் அவற்றைக் கண்டு மீளும் வழியில், காப்பித் தோட்டத்து மாளிகை ஒன்றில் இளைப்பாறினோம். அங்கே பேழையுள் பூட்டப்பட்டிருந்தது சிவந்த கண்ணாடிக் கூசா ஒன்று; பூவேலை மிக்கது. அதில் நீர் வார்ப்பதுண்டோ என வினவினோம். அவ்வில்லத்தார் நகைத்து, அதைத் துடைப்பதற்கே அஞ்சுவதாகக் கூறினர். அன்றிரவு எம் நினைவிற்கு வந்தவர், இத்தகைய கலங்களைத் திரட்டுவதிலேயே வாழ்நாளைக் கழித்த ஐதராபாத்து நவாப் மூன்றாம் சாலார் ஜங் ஆவார்.

மீர் யூசுப் அலிகான் என்னும் இயற்பெயருடைய இவர், 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள் பூனா நகரிற் பிறந்தார். பிறந்து ஒரு திங்கள் நிறையுமுன்னரே தந்தை மாண்டார். பாட்டனாரான முதலாம் சாலார் ஜங், நிஜாமின் திவானாக நெடுங்காலம் இருந்து அந்நாட்டு ஆட்சியைச் செப்பனிட்ட பேரறிஞர். தந்தையும் திவான் பதவி வகித்தவரே. ஆதலின் அப்பதவி தம்மை நாடி வரும் என்று இளைஞர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. அது வந்தது, 1912-ல், தமது இருபத்துமூன்றாம் பிராயத்தில், நிஜாம் உஸ்மான் அலிகானின் முதலமைச்சரானார். ஆயின் 1914-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதனைத் துறந்தார். பின்னர் அவர் அரசியலில் தலையிட்டிலர். மணமும் புரிந்திலர்.

கையில் பெருஞ்செல்வம், செய்வதற்கோ தொழிலில்லை. இந்நிலையிற் பலர் கெட்டழிந்ததை அறிவோம். இவரோ கலைப்பொருள் தேடலானார். பாட்டனார் 1876-ல் ரோமாபுரியில் வாங்கிய முகத்திரையிட்ட ரெபேக்காளின் சலவைக்கற் சிலை முன்னரே இல்லத்தில் இருந்தது. பேரரோ சிலை, ஓவியம், சுவடி, படைக்கலம், கடிகாரம், பீங்கான், கண்ணாடி என ஒன்றையும் விட்டிலர். திவான் தேவடி என்னும் அவரது மாளிகை வாயிலில் வணிகர் கூட்டம் ஓயாதிருந்தது. அயல்நாட்டு வணிகர் விலைப்பட்டியல்களை அனுப்பிய வண்ணமிருந்தனர்.

கண்ணாடியை ஈண்டுச் சிறிது விரித்துரைப்போம். நம்மில் பலர் கண்ணாடியெல்லாம் ஒன்றென்றே எண்ணுகின்றோம். வெனிஸ் நகரத்தார் தீவிபத்துக்கு அஞ்சி 1291-ல் தம் உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றினர். அவர்தம் கண்ணாடி மெல்லியது. சூட்டிலேயே நூல்போல் இழுத்து உருச்செய்யத் தக்கது. ஆழச் செதுக்கினாற் பிளந்துவிடும். பொஹீமியாவில் மரச்சாம்பலின் காரம் சேர்த்துச் செய்த கண்ணாடி கடினமானது; சுழலும் செப்புச் சக்கரத்தில் பிடித்து மான், மரம், நகரம் எனச் சித்திரம் பொறிக்க ஏற்றது. வெண்ணிறக் கண்ணாடியின்மேல் சிவப்பு அல்லது நீலப்படலம் போர்த்து, மேற்படலத்தை வேண்டியவாறு வெட்டியெடுப்பதும் அவர் கைத்திறமே. ஆங்கிலேயரான ரேவன்ஸ்கிராப்ட் 1674-ல் உரிமை பெற்ற முறையோ ஈயம் கலப்பது. ஈயத்தால் கலம் கனமேறும், ஒளியைச் சிதறி மின்னும், விரலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். இந்நாட்டுச் செல்வர்க்கென்றே ஹூக்கா அடிக்கலங்களும் பன்னீர்ச் செம்புகளும் ஐரோப்பாவில் வார்க்கப்பட்டதுண்டு. பருகும் கிண்ணம், மதுக்குடுவை, பழத்தட்டு என இவ்வகை யாவும் நவாபின் மாளிகையிற் குவிந்தன. நம் நாட்டு முகலாயர் காலத்துக் கண்ணாடியும் அவற்றுள் உண்டு.

குறையும் கூறல் வேண்டும். வாங்கியவற்றுள் மூலத்தைப் பார்த்துச் செய்த பிரதிகள் சில கலந்துள்ளன. இத்தனை பொருளும் ஜாகீர்க் குடிகள் செலுத்திய வரியினின்று வந்தது என்பதையும் நாம் மறத்தற்கில்லை. அப்பணம் கிணறும் பள்ளியும் ஆகியிருக்கலாகாதோ என்று ஒருவர் கேட்பின் எம்மிடம் தக்க விடையில்லை. எனினும் அக்காலத்துப் பிரபுக்கள் பலருடைய செல்வம் சென்ற வழியில் ஒரு கிண்ணமும் எஞ்சவில்லை.

1949-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் நவாப் காலமானார். நேர்வாரிசு இல்லை. அதே ஆண்டில் ஐதராபாத்து ஜாகீர்களும் ஒழிக்கப்பட்டன. உறவினர் பலர் உரிமை கோரினர். பங்கு பிரிந்திருப்பின் முப்பத்தைந்து ஆண்டுத் தேட்டம் கடைவீதிக்கே சென்றிருக்கும். உடையும் இயல்புடைய கண்ணாடிக்கு ஊர்மாறுதலே கேடன்றோ! நல்லூழாக அரசினர் காட்சிசாலை அமைக்கத் துணிந்தனர். மதனப்பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், பல மாளிகைகளிற் சிதறிக்கிடந்த பொருள்களை வகுத்து ஒழுங்குசெய்தார். 1951-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ஜவஹர்லால் நேரு அதனைத் திவான் தேவடியிலேயே திறந்துவைத்தார். பின்னர் உரிமையுடையோரும் உடன்பட்டனர். 1961-ல் பாராளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாயிற்று. 1968-ல் மூசி ஆற்றின் தென்கரையிலுள்ள புதிய கட்டடத்துக்குப் பொருள்கள் யாவும் பெயர்ந்தன. கண்ணாடிக் கலங்களும் அங்ஙனமே வழி கடந்து, இன்று அங்கே நிலையடுக்குகளில் நிற்கின்றன. நவாபின் விருந்தினர்க்கென இருந்தவற்றைச் சீட்டு வாங்கியோர் யாவரும் காணலாம்.