கஜானா வற்றியபோதும் பள்ளிக் கதவை மூடாதவர்

பெருந்தலைவர் காமராசரை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. எனினும், கையில் பணம் குறைந்த காலத்தில் அவர் எதைக் குறைக்க மறுத்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பொன்விழா மலரில் அவர் வாழ்வை நினைவுகூர்கிறோம்.

1903 ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் தம்பதிக்கு மகனாகப் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வணிகர்கள் தந்த மகமையாலும் வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியாலும் நடந்த பள்ளி. சம்பளம் கட்ட வேண்டிய கவலை இல்லை. ஆயினும் வீட்டு வறுமை அவரை விடவில்லை. பன்னிரண்டு வயதை ஒட்டிப் படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பள்ளி இலவசமாக இருந்தால் மட்டும் போதாது, பிள்ளையின் வயிற்றுக்கும் வழி வேண்டும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை; பட்டு அறிந்தார்.

விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, பல தவணைகளில் சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

அவர் பொறுப்பேற்ற நேரம் செழிப்பான நேரம் அன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மழை பொய்த்து உணவுப் பஞ்சம் வாட்டியிருந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது. கல்விக்குப் பணம் போதவில்லை என்ற நிலையில், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் அரை நாள் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுவது என்ற திட்டம் அந்த ஆண்டு வந்தது. இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டே கூடுதல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கில் நேரத்தை இழந்தவர்கள் கிராமத்து ஏழைப் பிள்ளைகள்தாம். குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தார்கள். காமராசர் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

கைவிட்டால் மட்டும் பணம் வந்துவிடுமா? வரவில்லை. அப்படியிருந்தும் பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளிகளைக் கொண்டு சென்றார். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று, 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். நிதி எங்கே என்ற கேள்வி எழுந்தபோது, அவர் ஊர் மக்களிடமே சென்றார். ஊரார் அரிசியும் பருப்பும் காய்கறியும் விறகும் கொடுத்தார்கள். அரசும் பின்னர் மானியம் வழங்கியது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசை, நாற்காலி, கட்டடம் எனப் பொதுமக்கள் அள்ளித் தந்தார்கள். தாம் படித்த பள்ளியை வளர்த்த பிடியரிசி வழக்கத்தையே அவர் மாநிலம் முழுமைக்கும் விரித்தார் என்று நாங்கள் கருதுகிறோம்.

1963இல் தாமாகவே முதலமைச்சர் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குச் சென்றார். 1967 தேர்தலில் சொந்த ஊரிலேயே தோற்றார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தவர், பிள்ளை குட்டி இல்லாதவர். மறைவுக்குப் பின் 1976இல் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

நம் முன்னோர் கடையநல்லூர், தென்காசி, நாகூர், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து கப்பலேறி வந்து, கடைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். பலர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். அவர்கள் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தக் காலத்துப் பள்ளிகளில் படித்து ஆளானார்கள்.

வணிகம் மந்தமாகும் ஆண்டு எந்தச் சங்கத்துக்கும் வரும். அப்போது செலவுப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது மாணவர் உதவித்தொகை. ஏனெனில் அதை நிறுத்தினால் கேட்க யாரும் வரமாட்டார்கள். வசதியற்ற பிள்ளை கூச்சத்தோடு விலகிவிடும். விருந்தைச் சுருக்கலாம், விழாவைத் தள்ளி வைக்கலாம், அடுத்த ஆண்டு சேர்த்து நடத்தலாம். படிப்பை விட்ட பிள்ளைக்கு அந்த வயது திரும்ப வராது. நம் சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுகளை நடத்தப்போகும் இளையவர்கள் கடைசியாகக் கைவைக்க வேண்டிய செலவு இதுவாகவே இருக்கட்டும்.