கடாரத்து இளவரசரும் காளையர் பந்தாட்டமும்

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. இன்று அது அரியலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது சோழ நாட்டின் தலைநகரம். அங்கிருந்து ஆண்ட ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை அனுப்பி, கடாரம் கொண்டான் என்று பெயர் எடுத்தான். அந்தக் கடாரம் எங்கே இருக்கிறது? மலேசியாவின் வடக்கே கெடா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறதே, அதுதான்.

அந்தக் கெடாவில் பிறந்த ஓர் இளவரசர், 20-ம் நூற்றாண்டில் வேறு ஒரு காரியம் செய்தார். அவர் படை திரட்டவில்லை. ஆசிய நாட்டு இளைஞர்களை எல்லாம் பந்து விளையாட வாருங்கள் என்று அழைத்தார். அவர்தான் துங்கு அப்துல் ரகுமான். மலேயாவின் முதல் பிரதம மந்திரி. துங்கு என்றால் இளவரசர் என்று பொருள். உலகம் முழுவதும் அவரைத் துங்கு என்றே அழைத்தது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்களுக்கு மலேயா அந்நிய நாடு அல்ல. முன்பு இந்த ஊர்கள் எல்லாம் திருச்சி ஜில்லாவில் இருந்தன. மழை பொய்த்துவிட்டால் மானாவாரி நிலம் என்ன கொடுக்கும்? கங்காணி வந்து கூப்பிட்டதும், ஜில்லாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். பினாங்கில் இறங்கினார்கள். ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தோட்டத்துத் திடலில் பந்து உதைத்து வளர்ந்தார்கள். துங்குவின் கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

சீமையில் சுகவாசம்

துங்கு 1903-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி அலோர் ஸ்டார் நகரில் பிறந்தார். தந்தை கெடா சுல்தான் அப்துல் ஹமீது. தாயார் சயாம் தேசத்தில் பிறந்தவர். அரண்மனையில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. துங்கு இருபதாவது குழந்தை!

சிறு வயதில் பாங்காக்கில் கொஞ்ச காலம் படித்தார். பிறகு பினாங்கில் படித்தார். அதன் பிறகு ராஜ்யத்தின் செலவில் சீமைக்கு அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜில் 1925-ல் பட்டம் வாங்கினார்.

பட்டம் வாங்கியதோடு சரி. பாரிஸ்டர் பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால், அவருக்குப் பந்தாட்டமும் குதிரைப் பந்தயமும் மோட்டார் சவாரியும்தான் இனித்தன. பரீட்சையில் தேறவில்லை. 1931-ல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அரண்மனைப் பிள்ளை உருப்படாது என்று ஊர் முடிவு கட்டியிருந்தால் அதில் தப்பில்லை.

கெடா சர்க்காரில் வேலை கிடைத்தது. கூலிம், லங்காவி போன்ற இடங்களில் அதிகாரியாக இருந்தார். 1941-ல் ஜப்பான் படை புகுந்தது. சுல்தானை வெளியூருக்கு அழைத்துப் போக வெள்ளைக்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள். துங்கு விடவில்லை. தந்தை ஏறியிருந்த மோட்டாரைக் கூலிம் பக்கம் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். குடிமக்களை விட்டு ராஜா ஓடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

யுத்தம் முடிந்தது. துங்குவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் மறுபடியும் சீமைக்குப் போய், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படித்தார். 1949-ல் பாரிஸ்டர் ஆனார். முதலில் பரீட்சை எழுதத் தொடங்கியபோது பிறந்த குழந்தைகள், அதற்குள் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றிருப்பார்கள்!

மூன்று இனம், ஒரு கூட்டணி

1951-ல் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவுக்குத் துங்கு தலைவர் ஆனார். மலேயாவில் அப்போது மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று இனத்தார் இருந்தார்கள். மொழி வேறு, மதம் வேறு, தொழிலும் வேறு. இவர்கள் ஒன்று சேராவிட்டால் சுதந்திரம் கிடையாது என்பது வெள்ளைக்காரர்களின் கணக்கு. துங்கு சீனர் கட்சியையும் இந்தியர் காங்கிரஸையும் சேர்த்துக் கூட்டணி அமைத்தார். இந்தியர் காங்கிரஸின் தலைவர் வீ.தி. சம்பந்தன் என்ற தமிழர். 1955-ம் ஆண்டுத் தேர்தலில் மொத்தம் 52 இடங்கள். கூட்டணிக்குக் கிடைத்தவை 51!

கோலாலம்பூரில் ஒரு பெரிய விளையாட்டு அரங்கம் எழும்பியது. அதற்கு மெர்டேக்கா அரங்கம் என்று பெயர். மெர்டேக்கா என்றால் விடுதலை. 1957 ஆகஸ்டு 31-ந் தேதி காலை, அந்த அரங்கத்தில் நின்று துங்கு அந்தச் சொல்லை ஏழு முறை முழங்கினார். கூட்டம் ஏழு முறையும் எதிரொலித்தது.

விழா முடிந்தால் பந்தலைப் பிரிப்பதுதான் வழக்கம். துங்கு அதே அரங்கத்தில் மெர்டேக்கா கோப்பைப் பந்தாட்டத்தைத் தொடங்கி வைத்தார். அக்கம்பக்கத்து நாடுகள் ஆண்டுதோறும் வந்து ஆடின. 1959-லும் 1964-லும் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது.

பதவியில் உட்கார்ந்த பிறகு, மாலை மரியாதைக்காக விளையாட்டுச் சங்கத்துக்குத் தலைவர் ஆகும் பெரிய மனிதர்கள் உண்டு. துங்கு அந்த ரகம் அல்ல. பிரதமர் ஆவதற்கு முன்பே, 1951 முதல், அவர் மலேயா பந்தாட்டச் சங்கத்தின் தலைவர். 1958-ல் ஆசியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் தலைவர் ஆனார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இளைஞருக்கு ஒரு கோப்பை

பெரியவர்களுக்குப் போட்டிகள் இருந்தன. ஒலிம்பிக் இருந்தது, ஆசிய விளையாட்டு இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்கு என்ன இருந்தது? உள்ளூரில் நன்றாக ஆடுவான். அந்நிய நாட்டானோடு மோதிப் பார்க்க வழி இல்லை. தேசியக் குழுவில் இடம் கிடைக்கும்போது வயது ஏறியிருக்கும்.

1959-ல் துங்குவின் தலைமையில் இந்தக் குறை தீர்ந்தது. 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான முதல் ஆசியப் பந்தாட்டப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா கோப்பையை வென்றது. மலேயா இரண்டாவதாக வந்தது. 1960-லும் கோலாலம்பூரே இடம் கொடுத்தது. கோப்பை மறுபடி கொரியாவுக்கே போனது. பிறகு பாங்காக், பினாங்கு, சைகோன், டோக்கியோ என்று போட்டி ஊர் ஊராகச் சென்றது.

அந்தப் போட்டியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கடைசி ஆட்டம் சமமாக முடிந்தால், இரண்டு நாடுகளும் கோப்பையைப் பகிர்ந்து கொள்ளலாம். 1961-ல் பர்மாவும் இந்தோனேசியாவும் அப்படிப் பகிர்ந்து கொண்டன.

ஐரோப்பாவில் இளைஞர் போட்டி 1948-லேயே வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கண்டங்களுக்கும் பொதுவான உலக இளைஞர் போட்டி 1977-ல்தான், துனீசியா நாட்டில் தொடங்கியது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே ஆசியப் பையன்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். அப்போது பல ஆசிய நாடுகள் விடுதலை பெற்றுப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு ஆடிய தமிழ்ப் பிள்ளைகளும் மேலே வந்தார்கள். மலேசியாவின் கோல் காவலர் ஆறுமுகம், நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடிப்பதைப் பார்த்து மக்கள் அவருக்குச் சிலந்தி மனிதன் என்று பட்டம் சூட்டினார்கள். அவருக்கு முன்னால் மலாய்க்காரரும் சீனரும் சீக்கியரும் ஆடினார்கள்.

மே 13

மைதானத்தில் முடிந்தது வீதியில் முடியவில்லை. 1963-ல் மலேசியா உருவானது. இரண்டே ஆண்டில் சிங்கப்பூர் பிரிந்து போனது. 1969-ல் பொதுத் தேர்தல் முடிந்த மூன்றாம் நாள், மே 13-ந் தேதி, கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலவரம் மூண்டது. சர்க்கார் கணக்குப்படி இறந்தவர்கள் 196 பேர். மூன்று இனமும் ஒரு குடும்பம் என்று நம்பியவருக்கு அது பேரிடி. 1970 செப்டம்பரில் துங்கு பிரதமர் பதவியை விட்டு விலகினார்.

தோட்டத் தமிழர்களுக்கும் அது கெட்ட காலம். சுதந்திர நாளுக்குப் பிறகு மலேயாவில் பிறந்த குழந்தைகளுக்குக் குடியுரிமை சுலபமாகக் கிடைத்தது. முன்பே வந்த பெரியவர்கள் மனுப் போட வேண்டியிருந்தது. எழுத்தறியாத பலர் அதைச் செய்யாமலே இருந்துவிட்டார்கள். 1968-ல் வந்த சட்டம், பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றது. பெர்மிட் கிடைக்காத பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறித் தமிழ்நாடு திரும்பினார்கள். சட்டம் வந்தது துங்குவின் ஆட்சியில்தான். அவர் புகழைப் பேசும்போது இதை மறைப்பது நியாயம் ஆகாது.

பிரதமர் பதவி போன பிறகும் பந்தாட்டத்தை அவர் விடவில்லை. 1974-ம் ஆண்டு ஆசிய இளைஞர் போட்டி பாங்காக்கில் நடந்தது. துங்கு சிறுவனாகப் படித்த அதே பாங்காக்! ஷபீர் அலி தலைமையில் இந்தியப் பையன்கள் சென்றார்கள். பயிற்சியாளர் அருண் கோஷ். கடைசி ஆட்டத்தில் ஈரான் 2 கோல், இந்தியா 2 கோல். கோப்பையை இரு நாடுகளும் பகிர்ந்து கொண்டன. அதன் பிறகு இந்தியாவுக்கு அந்தக் கோப்பை கிட்டவில்லை.

1977-ல் ஆசியச் சம்மேளனத் தலைமையிலிருந்தும் துங்கு ஓய்வு பெற்றார். முதுமையில் பினாங்கில் இருந்துகொண்டு பத்திரிகைக்கு வாரந்தோறும் கட்டுரை எழுதினார். தப்பு என்று பட்டதை, தம் பிறகு வந்த பிரதமர்கள் செய்தாலும், தப்பு என்றே எழுதினார். 1990 டிசம்பர் 6-ந் தேதி, 87-வது வயதில் காலமானார். கெடாவில் அலோர் ஸ்டாருக்குப் பக்கத்தில், லங்கார் என்ற இடத்தில், முன்னோர்களின் சமாதிகளுக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.